கதவு லாக் ஆகலை

எனக்குக் கோபம் வரும் என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள். சுத்தப் பொய். வந்து வந்து போவதற்கு அது என்ன விருந்தாளியா? என்னோடேயே குடியிருக்கிறது. பதினாறு வருடமாக லிஃப்டுக்கு டிரைவர் எழுதிக்கொண்டிருப்பவளுக்குக் கோபம் இல்லை என்றால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

டிரைவர் என்றதும் என் மாமியார் மாதிரி நீங்களும் ஸ்டியரிங்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். லிஃப்டுக்குள் மோட்டார், கதவு, எடை பார்க்கும் கருவி, பொத்தான்கள், விளக்கு என்று நாலைந்து சாமான்கள் இருக்கின்றன. அவற்றை மேய்க்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கும் இந்தச் சாமான்களுக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் நின்று இது சொல்வதை அதனிடமும் அது சொல்வதை இதனிடமும் சொல்கிற நிரல்தான் டிரைவர். இதை அத்தைக்கு மூன்று தடவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு போனில் உறவுக்காரர்களிடம், மருமகள் லிஃப்ட் ஓட்டுகிறாள் என்று சொன்னார்.

ஏழெட்டு மாதத்துக்கு முன் என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, அதே ஆபீசில் சேர்ந்தாள். அதிலிருந்து வீட்டில் இரண்டு பேர் லிஃப்ட் ஓட்டுகிறோம்.

அவளை எடுத்தது தற்காலிகமாகத்தான். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் போய் வா. அதுவரை எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கினாள். அது என் அறை. என் மேஜை அங்கேதான் இருந்தது, அவள் வந்ததும் சாப்பாட்டு அறைக்குப் போய் ஃபிரிட்ஜை ஒட்டி நின்றது. வேலை நிரந்தரமானால் தனியாக வீடு பார்த்துக்கொள்வதாக அவளே சொல்லியிருந்தாள். அதனால் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பாசத்தினால் அல்ல, மேஜையினால்.

மற்றபடி அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. அதிர்ந்து பேச மாட்டாள். செருப்பு கடித்து குதிகாலில் ரத்தம் வரும், என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல அண்ணி" என்பாள். கார்க் கதவில் விரல் நசுங்கி நகம் கறுத்துப்போயிருக்கும், அதற்கும் ஒண்ணுமில்லைதான். என் வீட்டுக்காரர் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறங்க, வாயைத் திறங்க என்று சொல்லிவிட்டு வருபவர். தங்கையிடம் மட்டும் அவர் ஜம்பம் பலிக்கவில்லை.

இப்போது லாக் விஷயத்துக்கு வருகிறேன். டிரைவருக்கு ஏதாவது தப்பாகப் பட்டால் உடனே ஒரு வரி எழுதிவைக்கும். அதைத்தான் லாக் என்போம். லிஃப்ட் எங்காவது நின்றுபோனால் முதலில் லாக்கைத்தான் படிப்போம், எந்தச் சாமான் மக்கர் பண்ணியது என்று தெரிந்துகொள்ள. ஆனால் எங்கள் லாக் இருந்த லட்சணம் இருக்கிறதே. ஆளுக்கு ஒரு குணம், குணத்துக்கு ஒரு வரி. விளக்கு டிரைவர் கோளாறு வந்தால் 'ஐயோ' என்று மட்டும் எழுதும். எந்த விளக்கு, எதற்கு ஐயோ, ஒன்றும் கிடையாது. பொத்தான் டிரைவரில் 'இந்த இடத்துக்கு யாரும் வரவே முடியாது' என்று ஒரு வரி இருந்தது, அது வாரத்துக்கு நாற்பது தடவை வந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு புண்ணியவான் 'பிழை: வெற்றி' என்று எழுதிவிட்டு வேலையை விட்டே போய்விட்டான்.

எடை டிரைவர் எழுதுபவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒலிபெருக்கி. அவர் டீ கேட்டால் மூன்றாம் மாடியில் எட்டிப்பார்ப்பார்கள். லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தரம் உண்டு: ஆபத்து, பிழை, எச்சரிக்கை, தகவல். முதல் மூன்றும் கோப்பில் சேரும். தகவல் என்பது யாராவது திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியும், இல்லாவிட்டால் காற்றோடு போய்விடும். ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஆபத்து என்றுதான் போடுவார். 'ஆபத்து: எடை சரியாக இருக்கிறது' என்று அவர் டிரைவர் எழுதியதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேட்டால், தகவல் என்று போட்டால் யார் படிக்கிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

என் நாத்தனார் நேர் எதிர். அவளிடம் கதவு டிரைவரைக் கொடுத்திருந்தார்கள். அவள் எழுதிய முதல் வரி, 'மன்னிக்கவும், கதவு கொஞ்சம் தாமதிக்கிறது.' கதவு யாரிடம் மன்னிப்புக் கேட்கிறது என்று நான் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்து, அன்றைக்கே எல்லா மன்னிப்பையும் எடுத்துவிட்டாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே உட்கார்ந்து விதி எழுதினேன். இரண்டு பக்கம், ஒன்பது விதிகள். எந்தச் சாமான், அதன் எண், என்ன செய்யப் பார்த்தது, என்ன ஆனது, கடைசியில் பிழை எண், இந்த வரிசையில்தான் எழுத வேண்டும். மன்னிப்பு கூடாது, புலம்பல் கூடாது, யார் செய்தது என்று தெரியாத வாக்கியம் கூடாது. ஏழாவது விதி, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். அதை எழுதிவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். பிறகு இருந்த ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று வரிகளையும் இந்த விதிப்படி மாற்றினோம். இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் என்னிடம் யார் எது பேசினாலும் என் காதில் லாக் என்றுதான் விழுந்தது. இதை நான் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தெரியும்.

எங்கள் ஆபீஸ் கட்டடத்து லிஃப்டும் எங்கள் நிரலில்தான் ஓடுகிறது. மாற்றி எழுதிய நிரலை ஒரு திங்கட்கிழமை அதிகாலையில்தான் அதில் ஏற்றினோம். அந்தத் திங்கட்கிழமை காலை, ஒரு பெரிய கட்டடக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் அதைப் பார்க்க வந்தார்கள். எங்கள் மேலாளர் வாசலிலேயே வரவேற்று, மரியாதையாகத் தான் முதலில் லிஃப்டுக்குள் போய், வாருங்கள் என்று திரும்பினார். அவர்கள் காலெடுத்து வைப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

மூடியது மூடியதுதான். மேலேயும் போகவில்லை, திறக்கவும் இல்லை. தரைத்தளத்திலேயே நாற்பது நிமிடம். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலாவது ஒரு கௌரவம் இருக்கும். கதவில் நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கிறது. அதன் வழியாக மேலாளரின் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. வந்தவர்கள் நல்ல மனிதர்கள், முதலில் கை அசைத்தார்கள், பிறகு நாற்காலி கொண்டுவரச் சொல்லி எதிரிலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள். கடைசியில் மெக்கானிக் வந்து சாவி போட்டுத் திறந்தார். மேலாளர் நேராக வந்து, லாக்கைப் போடுங்கள் என்றார்.

பெரிய திரையில் போட்டோம். ஆபீஸ் மொத்தமும் பின்னால் நின்றது. முதல் வரி, 'ஆபத்து: எடை 1: எடை எடுத்தது, 91.4 கிலோ.' இரண்டாவது வரியும் அதேதான். விநாடிக்கு ஒரு வரி வீதம் இரண்டாயிரத்து நானூறு வரிகள். மேலாளர் தன் எடை எண்பது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். முடிவுக்கு வந்தபோது 91.1 என்று இருந்தது, உள்ளே நின்று முந்நூறு கிராம் வியர்த்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. ஒலிபெருக்கி மட்டும், விதிப்படிதான் எழுதியிருக்கிறேன், சாமான் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது என்று முழங்கினார்.

அந்த வெள்ளத்துக்கு நடுவில் என் மோட்டார் டிரைவர் எழுதிய ஒரே ஒரு வரி கிடைத்தது. 'பிழை: மோட்டார் 1: நகரப் பார்த்தது, கதவு தயாராக இல்லை, 11.' ஆக, கோளாறு கதவில். கதவு டிரைவர் என்ன சொல்லியிருக்கிறது என்று தேடினோம். ஒரு வரிகூட இல்லை. வாயே திறக்கவில்லை.

மேலாளர் திரும்பி, கதவு டிரைவர் யாருடையது என்று கேட்டார். எல்லோரும் என் நாத்தனாரைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்று, தன்னுடையதுதான், மன்னிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். என்ன ஆனது என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சார், என் தப்புதான்" என்றாள். எனக்கு அப்படியே ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தலாம் போல இருந்தது.

மறுநாள் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார்.

"தப்பு எல்லாருக்கும் வரும். வந்தா சொல்லணும்ல? இங்க டிரைவரும் சொல்லல, எழுதின ஆளும் சொல்லல. வெள்ளிக்கிழமையோட ஆறு மாசம் முடியுது, அனுப்பிடலாம்னு இருக்கேன். உங்க வீட்டுப் பொண்ணு, அதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன், என்ன நடந்தது என்று நான் ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன். ஊருக்குத் திரும்பிப் போய் அவள் என்ன செய்வாள், அத்தை அழுவாரே என்றெல்லாம் தோன்றியது. மேஜை ஞாபகம் ஒரு ஓரத்தில் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை கதவு டிரைவரைத் திறந்து பார்த்தேன். எங்கள் கதவில் ஒரு கொக்கி இருக்கிறது. கதவு மூடியதும் அது விழுந்து பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டினால்தான் மோட்டார் நகரும். பூட்டவில்லை என்றால் டிரைவர் மறுபடி முயலும், மூன்று தடவை. அப்படித்தான் முதலில் எழுதியிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் ஒருநாள் அந்த மூன்றை ஒன்றாக மாற்றியிருக்கிறாள். போதாக்குறைக்கு, பூட்டவில்லை என்ற வரியின் தரத்தையும் பிழையிலிருந்து தகவலாக இறக்கியிருக்கிறாள். ஒரு தடவையில் கொக்கி விழவில்லை, கதவு மூடியும் பூட்டாமல், திறக்கவும் தெரியாமல் திரிசங்குவாக நின்றுவிட்டது, டிரைவர் அதைக் காற்றோடு சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் யார் என்று பார்த்தேன். நான். இரண்டே இரண்டு வரி மாற்றம், பார்த்து, சரி என்று தட்டியிருக்கிறேன்.

ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், என் வீட்டுக்காரர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்றை ஒன்றாக்கச் சொல்லி உனக்கு எந்த மகராசி யோசனை சொன்னாள், மேலாளரை உள்ளே அடைத்துவைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாயே என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான் சொன்னீங்க அண்ணி."

கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, எங்கள் ஆபீஸ் அரட்டையில் மூன்று வாரம் பின்னால் போய்க் காட்டினாள். அவள் எழுதியிருந்தது இது: 'அண்ணி, கதவு லாக் சரியா ஆகலை. ஒவ்வொரு தடவையும் மூணு தடவை முயற்சி பண்ணிதான் ஆகுது. பிழைன்னு போடவா?' அதற்கு என் பதில்: 'மூணு தடவை எதுக்கு? ஒரு தடவை போதும். இதெல்லாம் ஒரு பிழையா? தகவல்னு போட்டுட்டு வேலையைப் பாரு.' அதற்குக் கீழே அவள், 'சரி அண்ணி.'

நான் இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படித்தபோது நாற்காலியைத் தேடினேன். டிரைவர் எழுதும் வரியும் லாக்தான், கதவைப் பூட்டும் கொக்கியும் லாக்தான். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு சொல், நம் வாயிலும் எழுத்திலும் விழும்போது ஒன்றாகிவிடுகிறது. அவள் கேட்டது பூட்டைப் பற்றி. நான் படித்தது வரியைப் பற்றி. கதவு பற்றிய வரி மூன்று மூன்றாக வருகிறது போலிருக்கிறது, ஒரு தடவை எழுதினால் போதாதா என்று நினைத்துப் பதில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒலிபெருக்கியின் முந்நூறு வரிகளை விதிப்படி மாற்றிக்கொண்டிருந்தேன், வேறு எதுவும் மண்டையில் ஏறியிருக்காது.

என் வீட்டுக்காரர் ஈரக் கையோடு எட்டிப் படித்துவிட்டு, இதில் எது எந்த லாக் என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் பார்த்த பார்வையில் மறுபடி பாத்திரத்துக்குத் திரும்பிவிட்டார். கூடத்திலிருந்து அத்தை, என்ன சத்தம், சின்னவள் லிஃப்டை எங்கேயாவது முட்டிவிட்டாளா என்று விசாரித்தார்.

நாத்தனார் மறுபடி கத்தியை எடுத்தாள். "விடுங்க அண்ணி, நான்தான் சரியா கேக்கல. ஆபீஸ்ல இதைச் சொல்ல வேணாம், உங்க பேரு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை நறுக்கினாள். அவள் கண்ணில் வந்தது வெங்காயத்தினாலா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒண்ணுமில்லை என்பாள்.

நான் பெரிய உத்தமி, அடுத்த நாளே போய் உண்மையைப் போட்டு உடைத்தேன் என்று சொல்ல ஆசைதான். வியாழக்கிழமை முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்தான் என் ஒன்பது விதிகளையும் எல்லாப் பிரிவுகளுக்கும் சட்டமாக்கப்போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் போய், ஏழாவது விதியை எழுதிய அம்மணியே ஏழாவது விதியில் தடுக்கி விழுந்தாள் என்று எப்படிச் சொல்வது? அறிக்கையில் முதலில் இப்படி எழுதினேன்: 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட சிறு இடைவெளி காரணமாகக் கதவின் செயல்பாட்டில் மாற்றம் நிகழ்ந்தது.' படித்துப் பார்த்தேன். எங்கே ஏற்பட்டது, யார் ஏற்படுத்தியது, எது மாறியது, ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு வரியை ஒலிபெருக்கி எழுதியிருந்தால் அவர் மேஜைக்கே போய்க் கிழித்திருப்பேன். வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டு, லாக்கில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். எழுதி முடித்தபோது ஒரே ஒரு வரிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மேலாளர், ஒலிபெருக்கி, நான், நாத்தனார், நான்கு பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்தோம். அறிக்கை எங்கே என்றார். நான் தாளை எடுத்து வாசித்தேன்.

"பிழை. அண்ணி, எண் ஒன்று. கதவின் பூட்டைப் பற்றிக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் பார்த்தது. கேள்வியைப் படிக்காமல், லாக்கைப் பற்றிப் பதில் சொன்னது. பிறகு அதற்கு ஒப்புதலும் கொடுத்தது."

மேலாளருக்குப் புரியவில்லை. எந்த லாக் என்று கேட்டார். இந்த லாக் என்று திரையைக் காட்டினேன். அப்படியானால் ஆகாதது எந்த லாக் என்றார். அது அந்த லாக் என்று கதவைக் காட்டினேன். லாக் ஆகவில்லை என்பது லாக்கில் ஏன் ஆகவில்லை என்று கேட்டுவிட்டு, தான் கேட்டது தனக்கே புரியாமல் நெற்றியைத் தேய்த்தார். ஒலிபெருக்கி உதவிக்கு வந்து, லாக் ஆகாததால் லாக் ஆகவில்லை என்று அறையே அதிரச் சொன்னார். கடைசியில் அந்த அரட்டையைத் திரையில் போட்டு, ஒவ்வொரு லாக்கின் மேலும் விரல் வைத்து, இது பூட்டு, இது பதிவு என்று எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தேன். அவர் படித்து முடிக்கும்வரை என் காது எரிந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் நாத்தனாரிடம் திரும்பி, நடந்தது இதுதானா என்று கேட்டார். அவள் "ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன், நன்றாகவே மிதித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மேலாளரைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமா சார். அந்தக் கொக்கி தேஞ்சிருக்கு, ஒரு தடவையில விழாது. அது எனக்குத் தெரியும். அதான் மூணு தடவைன்னு எழுதினேன். ஒண்ணு போதும்னு அண்ணி சொன்னப்பவே தப்புன்னு தோணுச்சு. தோணியும் மாத்தினேன், திருப்பிக் கேக்கல. அது என் தப்பு. மத்ததெல்லாம் அண்ணி தப்பு."

ஆறு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மேலாளருக்கும் ஆச்சரியம். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று மரியாதைக்குத்தான் கேட்டார். இருந்தது. அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பிழை எண்ணை எல்லா டிரைவரும் கழித்தல் குறியோடு எழுதும்போது மோட்டார் டிரைவர் மட்டும் குறியில்லாமல் எழுதுகிறது, அதனால் தேடினால் ஒன்று கிடைக்கிறது, இன்னொன்று கிடைப்பதில்லை என்றாள். மோட்டார் டிரைவர் நான் எழுதியது. அடுத்து, எந்த வரிக்கு எந்தத் தரம் என்று ஒன்பது விதிகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை, அதனால்தான் ஒருவர் எல்லாவற்றையும் ஆபத்து என்கிறார் என்றாள். ஒலிபெருக்கி முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். இப்படிப் பதினொரு விஷயம், தேதியோடு. இருபது நிமிடம் ஆனது. குழாயைத் திறந்துவிட்டது நான், நனைந்ததும் நான்தான். ஐந்தாவது விஷயத்தில் எனக்குக் கோபம் வந்தது. எட்டாவதில் அவள் சொல்வதெல்லாம் சரி என்று உறைத்தது. பத்தாவதில், கேட்டால் நம்ப மாட்டீர்கள், பெருமையாக இருந்தது.

மேலாளர் நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் இருக்கட்டும், கொக்கியை மாற்றுங்கள் என்றார். விதிகளை இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி எழுத வேண்டும், அவள் சரி என்று சொன்னால்தான் என் டிரைவருக்கு ஒப்புதல் என்றும் சொன்னார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, எடையைத் தகவல் என்று போடுங்கள் என்றார்.

அன்றிலிருந்து ஆபீசில் லாக் என்ற சொல் கிடையாது. ஒன்று பூட்டு, இன்னொன்று பதிவு. பழக்கம் விடுமா, பத்து நாள் எல்லோரும் திக்கித் திக்கிப் பேசினோம். ஒலிபெருக்கி ஒருநாள் பதிவைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அடுத்த மாதம் அவளுக்கு வீடு கிடைத்தது, ஆபீசிலிருந்து நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வண்டி பிடிக்கப் போயிருந்தார். நான் அந்த அறை வாசலில் நின்று, மேஜையை எந்தச் சுவரோரம் போடலாம் என்று பார்க்க வந்தவள், இங்கேயே இருந்துவிடேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் மனதாரத்தான் சொன்னேன்.

அவள் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று மடித்து முடித்து, இரண்டாவது மடித்து, மூன்றாவதை எடுத்தாள். எதற்கு மூன்று கம்பளி என்று கேட்டேன்.

"இந்த ஜன்னல் முழுசா மூடாது அண்ணி. ராத்திரியெல்லாம் காத்து வரும்."

அருகில் போய்ப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. ஆறேழு மாதத்தில் நான்கு மாதம் குளிர்காலம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன் அண்ணி" என்றாள். குரலில் குற்றமும் இல்லை, குத்தலும் இல்லை, நோட்டில் எழுதியிருப்பதை வாசிக்கிற மாதிரிதான் சொன்னாள். "வந்த மூணாம் நாள், சாயங்காலம். நீங்க கம்ப்யூட்டர்ல இருந்தீங்க. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடாதேன்னீங்க. அப்புறம் நான் எதையுமே சொல்லல."

எனக்கு ஞாபகமே இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன், அப்படி ஒரு சாயங்காலம் என் மண்டையில் எங்கேயும் இல்லை. ஆனால் அவள் பொய் சொல்ல மாட்டாள், அப்படி ஒரு வரியை அச்சாக அப்படியே சொல்லக்கூடியவள்தான் நான். அழுகை வந்தது. மறைக்க வழியில்லாமல் அவள் முன்னாலேயே முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவள் பதறிப்போய், மூன்றாவது கம்பளியை மடிக்காமலே பெட்டிக்குள் திணித்தாள்.

போய்த் திருப்புளியை எடுத்துவந்தேன். அவள் சட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் கீழே உட்கார்ந்து ஒரே ஒரு திருகாணியை முடுக்கினேன். ஜன்னல் மூடிக்கொண்டது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி வந்துவிட்டது என்று கீழேயிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டார்.